சுண்ணாம்புக் கறை

கோபாலபுரத்தில் புதிதாகக் கட்டிய வீட்டின் சிவப்புத் தரையை மாரக்காள் மறுபடியும் தேய்த்தாள். சுண்ணாம்பு அரித்து விரல்கள் வெடித்திருந்தன.

“இன்னும் கறை இருக்குது பாரு,” என்றாள் வேலை கொடுத்த வள்ளியாத்தாள்.

“இன்னைக்கு உட்ருங்கம்மா. எம்புள்ள பிரசவ வலியில துடிக்குதுங்க.”

“அரைகுறையா உட்டுட்டுப் போனா, இனித் தோட்டத்து வேலைக்கும் வராத.”

அழுதுகொண்டே தேய்த்து முடித்து, அலசிவிடத் தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தால், வள்ளியாத்தாளே குனிந்து தரையில் சுண்ணாம்பைத் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கம்மா இப்படிப் பண்றீங்க?”

வள்ளியாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சுத்தமாயிருச்சுன்னா வெள்ளிக்கிழமையே பால் காய்ச்சிருவாங்க, மாரா. எம்பையனும் மருமவளும் இங்க தனிக்குடித்தனம் வந்துருவாங்க. அந்தப் பழைய ஊட்டுல நா ஒருத்தியா எப்படி இருப்பேன்?”

மாரக்காள் குடத்தை இறக்கி வைத்தாள். கறையை அப்படியே விட்டுவிட்டு மகளிடம் ஓடினாள்.