உறைபனியின் எழுத்து

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு காட்சி சொல்கிறேன். குறி பார்க்க, எழுத்து கீறிய ஆப்பிள் மரக் குச்சிகளை வெள்ளைத் துணியின்மேல் சிதறுகிறாள் ஆஸ்னி. மடியில் கொலையுண்ட கணவனின் மேலங்கி. காய்ந்த இரத்தம் மொரமொரக்கிறது. கொன்றவன் ஸ்கெக்கி. கடல் தாண்டி ஓட, குடாவின் எதிர்க்கரையில் கப்பலில் சாமான் ஏற்றுகிறான். இன்றே பழி தீர்க்கலாமா என்று கேட்டு, கண்ணை மூடி ஒரு குச்சியை எடுக்கிறாள். அதில் நெட்டுக்குத்தாக ஒரே கோடு: உறைபனியின் எழுத்து. கொழுந்தன் தோர்கில் ஈட்டியைச் சுவரில் சாய்க்கிறான். "போச்சு அண்ணி. பனி வந்தா அசையாதேன்னு அர்த்தம். உக்காந்து கஞ்சி குடிப்போம்." கதவிடுக்கு வெயில் அந்தக் கோட்டின்மேல் விழுகிறது. வெளியே கடல் உறைகிறது, பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தத்தோடு. ஆஸ்னி மெல்லச் சிரிக்கிறாள். "நமக்கு மட்டுமா சொல்லுது? அவன் கப்பலுக்கும்தான். நீ ஈட்டியத் தீட்டு. பனி கெட்டியாகட்டும், நடந்தே போவோம்."

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். யார் மடியிலும் அப்படியொரு மேலங்கி கிடக்காதிருக்கட்டும்.