ஆமென் சொல்வதற்குள்

“எதுக்குட்டி பள்ளிக்கூடத்த விட்ட?”

தெருக்குழாயடியில் வைத்து ஒருநாள் பெனிட்டா அவளிடம் கேட்டாள். அவளும் சொல்லிவிட்டாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை, ஒரு குடம் நிரம்பும் நேரத்துக்குள்.

இப்போது பெனிட்டா மேடையில் நிற்கிறாள். கையில் மைக்.

கல்லூரி அரங்கு. கடைசிக்கு முந்தைய வரிசை. மின்விசிறிக் காற்று எட்டாத ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மாணவர் ஜெபக்குழு நடத்தும் நற்செய்திக் கூட்டம் அது. குழுவில் உள்ள ஒவ்வொருத்தியும் ஒரு சிநேகிதியைப் புதிதாகக் கூட்டிவர வேண்டும். பெனிட்டா அவளைக் கூட்டி வந்திருந்தாள். போட்டிருந்த சுடிதாரும் பெனிட்டாவுடையதுதான். தோளில் தொளதொளத்தது.

என்ன படிக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

முதல் பாட்டு முடியும்போது பக்கத்து நாற்காலியில் ஒரு பை பொத்தென்று விழுந்தது.

“ஏட்டி, நீயா!”

பேச்சிக்கனி.

ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் இருந்தவள். அதே திருநீற்றுக் கீற்று. இங்கே வரலாறு படிக்கிறாளாம்.

“நீ பாட்டுக்கு வராம நின்னுட்ட. டீச்சர் ஒம் பேரக் கூப்ட்டுக் கூப்ட்டு சலிச்சுப் போனாவ.”

அவள் சிரித்து வைத்தாள். வேறு இடம் பார்த்து மாறிவிடலாம் என்று நினைத்தாள். வரிசை நிறைந்திருந்தது.

“கேக்கு குடுப்பாவன்னாளுவ, அதான் வந்தேன். இந்தா, அதுவரைக்கும் தாங்கணும்லா.”

பேச்சிக்கனி கடலை மிட்டாயைப் பாதியாக உடைத்து நீட்டினாள்.

வாங்கிக்கொண்டாள். வாயில் போட்டாள்.

கடிக்கவில்லை.

மேடையில் பெனிட்டா சாட்சி சொல்லத் தொடங்கினாள்.

“எனக்கு ஒரு சிநேகிதி இருக்கா. பேரு சொல்ல மாட்டேன்.”

பேரைச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் சொன்னாள்.

வீட்டில் அடுப்பு எரியாத நாட்களைச் சொன்னாள். காலையில் எல்லாரும் மைதானத்துக்குப் போன பிறகு, வகுப்பில் ஒருத்தி மட்டும் பதுங்கி நின்று, அடுத்தவர் டிபன் பாக்ஸைத் திறந்து தின்றதைச் சொன்னாள். டீச்சர் வேறொரு பிள்ளையைத் திருடி என்று பிடித்ததையும், அந்தப் பிள்ளையின் கழுத்தில் காலி டப்பாவைச் சணலில் கட்டித் தொங்கவிட்டு வகுப்பு வகுப்பாக நடத்தியதையும் சொன்னாள். தின்றவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே வரவில்லை.

பக்கத்தில் மிட்டாய் கடிபடும் சத்தம் நின்றது.

டப்பாவைச் சுமந்து நடந்த பிள்ளை பேச்சிக்கனி.

அது பெனிட்டாவுக்குத் தெரியாது. குழாயடியில் அந்தப் பேரை மட்டும் அவள் சொல்லியிருக்கவில்லை.

அவள் பேச்சிக்கனி பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள்.

பெனிட்டாவின் குரல் தழுதழுத்தது. பொய்யில்லை. நாற்பது நாள் காலைச் சாப்பாட்டை விட்டு அவளுக்காக ஜெபித்தவள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

“எல்லாரும் தலையத் தாழ்த்தி, கண்ண மூடுங்க. யாரும் யாரையும் பாக்க வேண்டாம். மனசுல பாரம் இருக்கவங்க கைய மட்டும் ஒசத்துங்க. ஆண்டவர் பாக்கட்டும்.”

தலைகள் தாழ்ந்தன.

அவளும் கண்ணை மூடினாள்.

இருட்டுக்குள் ஒரு டப்பா ஆடியது. அதன் மூடி டப்பாவில் இடிக்கும் சத்தம். ஐந்து வருடமாகக் கேட்கிற சத்தம்.

யாரும் பார்க்கவில்லை.

கை தானாக எழும்பவில்லை. அவள்தான் தூக்கினாள். முதலில் தோள்வரை. பிறகு தலைக்கு மேலே.

“பின்னால ஒரு கை. ஸ்தோத்திரம், சகோதரி.”

சொல்லியாயிற்று. பேசாமலே, முகம் காட்டாமலே சொல்லியாயிற்று. நெஞ்சில் ஏதோ இளகியது.

கண்ணைத் திறந்தாள்.

பேச்சிக்கனி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கூட்டங்களுக்கு வந்து பழகாதவள். மூடச் சொன்னதும் மூட அவளுக்குத் தோன்றவில்லை.

பேச்சிக்கனி அவள் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

நான்தான் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கை தூக்கியவள் வாயைத் திறந்தாள். கரையாத மிட்டாய் நாக்கில் ஒட்டியிருந்தது.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. அதை இறக்கலாம் என்பதே மறந்துவிட்டது.

ஜெபம் முடியும் இடத்துக்கு வந்துவிட்டது. இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. இன்னும் ஒரு சொல்தான் பாக்கி. ஆமென் என்றதும் அத்தனை கண்களும் திறந்துவிடும். அந்தச் சிநேகிதி யார் என்று அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பேச்சிக்கனி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அந்தக் கையைக் கீழே இறக்கி, அவள் மடியில் வைத்தாள்.

அரங்கு முழுவதும் ஆமென் என்றது.

எல்லாரும் கண்ணைத் திறந்தபோது பேச்சிக்கனி எழுந்திருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். யார் முழங்காலிலும் இடிக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, வரிசையைக் கடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.