அகலமா ஒரு துடோங்

"வரும்போது துடோங் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சிவப்பும் பச்சையுமா, நல்லா அகலமாப் பாத்து. மத்தியானம் நானா வர்றாங்கள்ல, எல்லாம் தொறந்து கெடந்தா நல்லாவா இருக்கும்?"

அடுப்படியில் ஈயை விரட்டிக்கொண்டே ஜெய்னம்பு சொன்னாள். வாசலில் சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த ரசாக்குக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

துடோங் என்றால் மலாய்ப் பெண்கள் தலைக்குப் போடும் துணி. ஈப்போவைச் சுற்றியுள்ள மலாய்க் கிராமங்களில் கம்போங் கம்போங்காக அதைக் கூவி விற்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன?

"வெள்ளைத் துணி இருக்கே, அது போதாதா?" என்றான்.

"துணியப் போட்டு மூடினா நழுவி நழுவி விழுதுங்க. பக்கத்து வீட்டு மக் சோம் வச்சிருக்காங்க பாருங்க, எவ்வளவு அழகு! எனக்கும் ஆசை இருக்காதா?"

ஆசை இருக்கும், யார் இல்லையென்றது? நானா என்று அவள் சொன்ன அண்ணன் நெய்னா முகம்மதுவை நினைத்தால்தான் ரசாக்குக்குப் பயம். தெலுக் ஆன்சனில் அரிசிக்கடை வைத்திருக்கும் மனிதர், போன தடவை வந்தபோது விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "இந்த ஊரு சொகுசப் பாத்துட்டு என் தங்கச்சி தலைத்துணி மாறிச்சுன்னு வச்சுக்க, அடுத்த கப்பல்ல நாகப்பட்டினம் கூட்டிட்டுப் போயிருவேன். ஆமா."

சொன்னால் செய்கிற ஆள். இத்தனை வருஷம் கடைத் திண்டில் தூக்கமும் சாப்பாட்டுக்கடைச் சோறுமாகக் காலந்தள்ளிய ரசாக்குக்கு, ஊரிலிருந்து ஜெய்னம்பு வந்த பிறகுதான் வீடு என்று ஒன்று ஆகியிருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவன் எங்கே போவான்?

அன்று தோட்டத்துக்குப் போன பாதையெல்லாம் அவனுக்கு இதே நினைப்பு. மூட்டையின் அடியில் பினாங்குப் பட்டு ஒன்று கிடந்தது, சிவப்பில் பச்சைப் பூப் போட்டது. சைக்கிளை நிறுத்தி அதை எடுத்துப் பார்த்தான். சே, வேண்டாம் என்று உள்ளே திணித்தான். ரப்பர் மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போய் மறுபடி எடுத்தான்.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் செல்லாயி ஒரு கெஜம் சீட்டித் துணி கேட்டாள். அவன் மூன்று கெஜத்தைக் கிழித்து நீட்டினான்.

"என்னா ராவுத்தரே, வீட்டுல சண்டையா?" என்று சிரித்தவள், பட்டைக் கண்டதும் கையை நீட்டினாள். "அட, இது நல்லா இருக்குலா! எனக்குக் குடுங்க."

"அது விக்கிறதுக்கு இல்ல!" வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். பிடுங்கிய பிறகுதான், அது யாருக்கு என்று தன் மனசு எப்போதோ முடிவு பண்ணிவிட்டது அவனுக்கே புரிந்தது.

நழுவி விழுகிறது என்றாளே! டவுனுக்கு வந்ததும் குத்திக்கொள்ள ஒரு வெள்ளிப் பதக்கமும் வாங்கினான். அகலம் வேண்டும் என்றாளே! பட்டை விரித்துத் தன் தோளில் போட்டு, நெஞ்சுக்குக் கீழே வரைக்கும் இறங்குகிறதா என்று கடைக் கண்ணாடியில் பார்த்தான். கடைக்காரச் சீனர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்குள் நுழைந்தால், நெய்னா முகம்மது அதற்குள் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார். எதிரே நெய்ச்சோறும் கறி ஆணமும் எடுத்து வைத்தாகிவிட்டது. வெள்ளைத் துப்பட்டிக்குள் இருந்து ஜெய்னம்பு எட்டிப் பார்த்து, "வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள்.

ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது? ரசாக் பட்டை உதறி விரித்தான்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. இவ ஆசைப்பட்டா, நான் வாங்கிட்டேன். முடி தெரியாது, கழுத்து தெரியாது, நெஞ்சு வரைக்கும் மூடியிருக்கும். மூடத்தானே நம்ம மார்க்கம் சொல்லுது? வெள்ளையிலதான் மூடணும்னு சொல்லலையே? இதுக்காக இவளக் கப்பல் ஏத்தணும்னா என்னையும் சேத்து ஏத்துங்க."

ஜெய்னம்பு வாயைப் பிளந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெய்னா முகம்மது பட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தைத் தடவி, அகலத்தை முழம் போட்டுப் பார்த்தார்.

"போட்டுட்டு வா புள்ள, பாப்போம்."

உள்ளே போய் வந்தாள். பட்டு நெற்றியைச் சுற்றி, தாடைக்குக் கீழே பதக்கத்தில் கூடி, நெஞ்சுக்குக் கீழே வரை இறங்கியிருந்தது. அத்தனையும் மறைந்துதான் இருந்தது, ஆனால் அவள் முகம் இவ்வளவு அழகு என்று ரசாக் அன்றுதான் பார்த்தான்.

அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார். "துப்பட்டிய விட இதுல கூடத்தான் மறைஞ்சிருக்கு. போட்டுக்க. நம்ம உம்மா பாத்தா அவங்களுக்கும் ஒண்ணு கேப்பாங்க."

அல்ஹம்துலில்லாஹ்! ரசாக் பொத்தென்று பாயில் உட்கார்ந்தான். வெட்கத்தில் சிவந்துபோன ஜெய்னம்பு பட்டை ஒருதரம் நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு அவனையும் ஈ மொய்க்கும் சோற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நல்லாத்தாங்க இருக்கு. சோத்து மேல கவுக்க ஓலைத் துடோங் கேட்டேனே, அது எங்கங்க?"