ஆதி ஜெபம்

"அந்த வரியை இனிமே பூசையில பாடாதீங்க, உபதேசியாரே," என்றார் வட கானாவின் அந்தச் சிற்றூருக்குப் புதிதாக வந்த பாதிரியார்.

உபதேசியார் குப்போல் விடவில்லை. "முதன்முதல்ல வந்த வெள்ளைக்காரச் சாமியார் பீடத்துல நின்னு சொன்ன லத்தீன் ஜெபம், சாமி. எங்கப்பா அதைச் சொல்லிக்கிட்டேதான் கண்ணை மூடினாரு."

"லத்தீன் இல்ல, பிரெஞ்சு. நான் பிரான்சுல படிச்சவன். 'ஆடு உள்ள வருது, கதவைச் சாத்துங்க'ன்னு அர்த்தம்."

குப்போல் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வரி இல்லாத பூசை, வெண்டைக் குழம்பில்லாத களி போல நடந்தது. நடுவில் ஓர் ஆடு நுழைந்து பீடத்துத் துணியை மென்றது. பதறிய பாதிரியாரின் வாயில் பிரெஞ்சுதான் வந்தது, அதே வரி.

ஊரே கண்கலங்கி முழந்தாளிட்டது. குப்போல் மட்டும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.