முதலாளியை வழியனுப்பிய கிளாரினெட்

சவப்பெட்டிக்குப் பின்னால் ஜாஸ் குழுவை நடத்திக்கொண்டு, கிளாரினெட் ஊதியபடி நடந்த நூமாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "முதலாளிமேல என்னா பாசம் பாரு!" என்று நியூ ஆர்லியன்ஸ் தெருவே உச்சுக்கொட்டியது.

பாசமாவது, மண்ணாவது. செத்துப்போன வால்மோர் நடன விடுதிக்காரர். இருபது வயதில், படித்துப் பார்க்காமல் ஒரு பத்திரத்தில் நூமா போட்ட கையெழுத்தை வைத்து, இருபத்தாறு வருஷம் அவரைக் கட்டிப்போட்டவர். வேறெங்கும் ஊதக் கூடாது. சிகாகோவிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்றுக்கும் வால்மோரே பதில் எழுதினார்: 'ஆள் வர மாட்டான்.'

கடைசி ஆறு வருஷமாக நூமா வேண்டுமென்றே உப்புச்சப்பில்லாமல் ஊதினார், துரத்திவிடட்டும் என்று. துரத்தவில்லை. இப்போது ஆள் போயாச்சு, ஆளோடு பத்திரமும் போயாச்சு.

டிரம்போன்காரர் பெர்சி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "அண்ணே, மூஞ்சியக் கொஞ்சம் சோகமா வெச்சுக்கோங்க."

"அழுதுக்கிட்டுதானடா இருக்கேன்."

"கல்யாணப் பொண்ணு அழுகையால்ல இருக்கு!"

"நாளைக்குக் காலைல சிகாகோ ரயில்டா. வேற எப்படி அழறது?"

பெட்டி கல்லறைக்குள் போனது. டெட்ராய்ட்டிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்த வால்மோரின் மகள் ஒடீல், கைப்பையிலிருந்து பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு நூமாவை நோக்கி வந்தாள். அதற்குள் டிரம் அதிர்ந்தது.

அடக்கம் முடிந்து இடுகாட்டு வாசலைத் தாண்டினால் துள்ளாட்டப் பாட்டுதான் வாசிக்க வேண்டும். ஊர் வழக்கம் அது. நூமா ஊதினார். இருபத்தாறு வருஷத்தையும் சேர்த்து ஊதினார். குடைகள் துள்ளின, கைக்குட்டைகள் பறந்தன, கருப்பு உடுப்புக்காரர்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒடீலின் கால் தானாகத் தாளம் போட்டது. அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்ததும் அருகில் வந்தாள்.

"மாமா, உங்க வாசிப்புல சத்தே போயிடுச்சுன்னு அப்பா எழுதியிருந்தார். அந்தப் பத்திரம் எனக்கும் செல்லும்னு வக்கீல் சொன்னார். ஆனாலும் உங்க முன்னாலயே கிழிச்சுப் போட்டு, விடுதியையும் மூடிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்."

நூமா மூச்சு வாங்கக் கையை நீட்டினார். "நல்லாயிருப்பம்மா. கிழி."

ஒடீல் சிரித்தாள்.

"இப்படி வாசிக்கிற ஆள எவளாவது விடுவாளா, மாமா?"