தட்டினால் விட வேண்டும்

அவளால் கையை விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

கட்டைவிரல் பக்கமாகத் திருப்பினாள். முழங்கையை மடக்கி இழுத்தாள். உறையூர்க் கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக்கூடத்தில், பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் அவள் கற்றுக்கொடுக்கிற அதே முறைதான். கறுப்பு பெல்ட்டின் முனை ஆடியதுதான் மிச்சம்.

அவள் கையைப் பிடித்திருந்தது பரிமளா. வயது நாற்பத்தேழு. நர்சிங் ஹோம் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து உரமேறிய கை. கராத்தே வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவள், மாஸ்டரான இவளையும்விட. ஒழுங்கிலும் அவள்தான் முதல். குனிந்து வணங்குவதில்கூடப் பிசகமாட்டாள்.

சுற்றி ஒன்பது பெண்கள் நின்றார்கள். நேற்றைய முகூர்த்தத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை.

எல்லாம் கால் மணி நேரத்துக்கு முன்னால் கிளம்பிய பேச்சால் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், வேலைக்குப் போகிற வழியில், ரைஸ்மில் சந்தில் ஒருவன் பரிமளாவின் கையைப் பிடித்துச் சுவரோடு தள்ளி, கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். வலது மணிக்கட்டில் விரல் தடங்கள் இன்னும் கன்றிப்போய்க் கிடந்தன.

இரண்டு வருடம் கராத்தே படித்தவள்.

பிறகு பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? ஆளுக்கொரு நியாயம். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ரெஜினா, மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்துகிற குத்தை வைத்துக்கொண்டு எவனை விரட்டுவது என்றாள். ஒருத்தரை ஒருத்தர் நிஜமாக அடித்துத்தான் பழக வேண்டுமாம். அப்படி அடித்துப் பழகினால் திங்கட்கிழமை வேலைக்கு எந்த மூஞ்சியோடு போவது என்று மருந்துக்கடை மெஹ்ருன்னிசா கேட்டாள். மிளகாய்ப்பொடி போதும் என்றது ஒரு குரல். ஓடத் தெரிந்தால் எதுவுமே வேண்டாம் என்றது இன்னொன்று.

பரிமளா எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

“அவன் நீங்க சொன்ன மாதிரி பிடிக்கல, மாஸ்டர்” என்றாள்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நாளைக்கும் அதே சந்து வழியாகத்தான் போயாக வேண்டும். சுற்றிப் போனால் முதல் பஸ் போய்விடும். அதனால் கேட்டாள்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. நீங்கள் ஒழுங்காகத் திருப்பியிருக்க மாட்டீர்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். நல்லவேளை, சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பெரிய சூரப்புலியைப் போலக் கையை நீட்டி, அவன் பிடித்த மாதிரியே பிடிக்கச் சொன்னாள்.

பிடித்தாயிற்று.

இப்போதுதான் புரிகிறது. வகுப்பில் பிடிப்பவர்கள் பிடித்துவிட்டு நிற்பார்கள். திருப்பினால் விடுவார்கள். மாஸ்டர் என்றால் திருப்புவதற்கு முன்பே விட்டுவிடுவார்கள், மரியாதைக்கு. தெருவில் அவளை இதுவரை யாரும் பிடித்ததில்லை. பதினோரு வருடமாக அவள் தப்பித்துக்கொண்டிருந்தது அந்த மரியாதையிடமிருந்துதான்.

பரிமளா பிடித்ததோடு நிற்கவில்லை. தள்ளிக்கொண்டும் வந்தாள். மடக்கிச் சுவரில் சாத்தியிருந்த மேஜைகளில் மாஸ்டரின் முதுகு இடித்தது.

விரல்கள் மரத்தன. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

அவளுடைய இடது கை தானாக எழுந்து பரிமளாவின் முழங்கையில் தட்டியது. இரண்டு முறை.

வலித்தால் தட்ட வேண்டும். தட்டினால் விட வேண்டும். சேர்ந்த அன்றைக்கு, வணங்கக் கற்றுக்கொடுப்பதற்கும் முன்னால் சொல்கிற சட்டம் அது. இந்தக் கூடத்தில் அதை மீறியவர் கிடையாது.

பரிமளா விடவில்லை.

மறுபடியும் தட்டினாள்.

“நானும் தட்டினேன், மாஸ்டர்.”

மெதுவாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் பிடி தளர்ந்தது. விட்டதும் பரிமளா இரண்டடி பின்னால் போய், முறைப்படி குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

வெளியே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். திருடன் கையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, இதோ விடுவான் என்று ஒருத்தி காத்து நின்றிருக்கிறாள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. பரிமளாவை அப்படிக் காத்து நிற்கப் பழக்கியது யார் என்று மாஸ்டருக்குத் தெரியும்.

மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்டால் தன் மனது ஆறும். நாளை விடியற்காலைக்கு அது உதவாது.

பரிமளாவின் இடது கையை எட்டிப் பிடித்தாள். வகுப்பில் பிடிக்கிற மாதிரி அல்ல. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்து, மேஜைகளின் மேல் அவளைத் தள்ளினாள்.

“விடமாட்டேன், அக்கா.”

பரிமளா திருப்பினாள். வரவில்லை. இழுத்தாள். வரவில்லை. மூச்சு வாங்கியது.

கன்றிப்போன வலது கை மேலே எழுந்தது. மாஸ்டரின் முழங்கைக்கு நேராக வந்தது. தட்டுவதற்கு விரல்கள் விரிந்திருந்தன.

அங்கேயே நின்றது.

பிறகு ஒவ்வொரு விரலாக மடங்கி முஷ்டியாயிற்று.

மாஸ்டர் பிடியை விடவில்லை. முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை.