நீலக் கோடு போட்ட சட்டை

கல்லூரி நாட்களில் பழைய துணிக் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்த சட்டைகளை நித்யஸ்ரீ கட்டிலில் பரப்பி மடிக்கிறாள். கீழ்த்தளத்தில் வீட்டாரின் பனியன் துணி நெய்யும் நிட்டிங் மிஷின்கள் இரைய, ஜன்னல் கம்பிகள் அதிர்கின்றன. மாமியார் முத்தாத்தாள் நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்து வெளிச்சத்தில் விரிக்கிறார். பெங்களூரில் நேர்காணலுக்கு அவள் போட்டுப்போன சட்டை. வேலை கிடைத்த அதே வாரம் இந்தக் கல்யாணம் நிச்சயமானது. “ஆரு போட்டுக் கழிச்சதோ கண்ணு, மிஷின் தொடைக்கக் குடுத்தறலாமா? உனக்குப் புதுசா எடுத்துக்கலாம்.” அவ்வளவு அன்பான குரல். “சரிங்க அத்தை.” சட்டை படியிறங்கிப் போகிறது. படிக்கட்டிலிருந்தே துணி கிழியும் சத்தம் நீளமாகக் கேட்கிறது. முத்தாத்தாள் மறுபடி மேலே வந்து, “மீதியும் குடு கண்ணு” என்று கை நீட்டுகிறார். நித்யஸ்ரீ ஒரு சட்டையைச் சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டு, கழுத்துவரை பொத்தான்களைப் பூட்டுகிறாள்.